சூட டப்பாவிலிருந்து மாத்திரை டப்பா வரை

பூஜை அலமாரியைத் திறந்ததும் முதலில் வந்து சேர்வது மணம். சந்தனம், ஊதுவத்தி, வாடிய துளசி எல்லாம் அதில் கலந்திருந்தாலும் பெரும்பங்கு சூடத்துடையது. மூடி வைத்த டப்பாவிலிருந்து அது எவ்வாறு வெளியே வருகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கர்ப்பூரம் நெய்யைப் போல உருகிப் பின்னர் ஆவியாவதில்லை. கட்டியாக இருந்தபடியே நேராக ஆவியாகிவிடும். பேரப்பிள்ளைகளின் பாடநூலில் இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். ஆடி வெள்ளிக்கு வாங்கிய பொட்டலம் தைப்பொங்கலுக்குள் இளைத்துப் போவதன் காரணம் இதுதான். வீட்டு வேலைக்கு வருபவர்மீது ஐயம் கொள்ள வேண்டியதில்லை. டப்பாவில் நான்கு மிளகு போட்டு வைப்பது பல இல்லங்களின் வழக்கம். மிளகு இருந்துவிட்டுப் போகட்டும். கர்ப்பூரத்தை உண்மையில் காப்பது காற்றுப் புகாத மூடியே.

தைவான், ஜப்பான், தென்சீனம் ஆகிய இடங்களில் வளரும் கர்ப்பூர மரத்தின் கட்டையைக் காய்ச்சி வடித்து எடுத்தது ஒரு காலம். இன்று கடையில் கிடைக்கும் சூடத்தில் பெரும்பாலானது தேவதாரு இனத்தைச் சேர்ந்த பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் டர்பன்டைன் எண்ணெயைக் கொண்டு ஆலைகளில் செய்யப்படுவது. அதற்கெல்லாம் முன்னர், தமிழகக் கோயில்களுக்கு வேறொரு கர்ப்பூரம் கடல் கடந்து வந்தது. சுமத்ரா தீவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் என்னும் ஊர் அதற்குப் பெயர்பெற்றது. வணிகம் செய்யச் சென்ற தமிழர்கள் அங்கே கல்வெட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். பாருஸை அடுத்த லோபு துவாவில் கிடைத்த அத்தமிழ்க் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரின் பெயர் அதில் உள்ளது.

திருமலையில் வேங்கடமுடையானின் திருமோவாயில் பச்சைக் கர்ப்பூரம் சாற்றப்படுவதைத் தரிசித்தவர்கள், அதன் பின்னே உள்ள அனந்தாழ்வான் வரலாற்றையும் அறிவார்கள். இராமாநுசரின் கட்டளைப்படி மலையில் நந்தவனம் அமைத்த அவர், ஏரி வெட்டும் பணியில் உதவ வந்த சிறுவனை யாரென்று அறியாமல் கடப்பாரையை எறிய, பெருமானின் திருமோவாயில் குருதி வழிந்தது என்பர். குருதியை நிறுத்த அன்று அப்பியது பச்சைக் கர்ப்பூரம். அந்தக் கடப்பாரையை இன்றும் மகாத்துவாரத்தில் காணலாம்.

பெருமாள் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் சேர்ப்பது இந்தப் பச்சைக் கர்ப்பூரமே. உணவுக்கு உரியது என்று உறையில் குறிப்பிட்டு விற்கப்படுவதை மட்டுமே வாங்க வேண்டும். அதுவும் கடுகளவு போதும். ஆரத்திச் சூடம் ஒருபோதும் உணவில் சேரலாகாது. இதைத் தெரியாதவர் யார் என்று கேட்கத் தோன்றும். பெரியவர்களுக்குத் தெரியும், தவழும் குழந்தைக்குத் தெரியாது. வெள்ளை வெளேரென்று, கற்கண்டைப் போலவும் பெப்பர்மின்ட் மிட்டாயைப் போலவும் இருக்கும் வில்லையை அது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். இளங்குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும் என்கிறது மருத்துவம். சில நிமிடங்களிலேயே, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் வலிப்பு வரலாம். அவ்வேளையில் வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும், எண்ணெயோ பாலோ புகட்டுவதும் தீங்கையே கூட்டும். எஞ்சிய பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது. வலிப்பு வரவில்லையே என்று வீட்டில் காத்திருப்பதும் தவறு.

இதைவிட நுட்பமான இன்னொன்று உண்டு. அது அன்பின் பெயரால் நேர்வது. குழந்தைக்குச் சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, அதில் சூடத்தைக் கரைத்து நெஞ்சிலும் முதுகிலும் தடவுவது பாட்டிமார்களின் கைவைத்தியம். கர்ப்பூரம் தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்லும். பெரியவர்களின் தோலும் கல்லீரலும் அதைத் தாங்கும். கைக்குழந்தைக்கு அந்த வலு இல்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கர்ப்பூரம் கலந்த எதையும், கடையில் வாங்கும் தைலம் உட்பட, தடவக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மருமகள் தயங்கினால், அந்தத் தயக்கத்தின் பக்கம் மருத்துவம் நிற்கிறது என்பதைப் பாட்டி அறிந்திருப்பது வீட்டின் அமைதிக்கும் நல்லது.

சூடத்தோடு உருவத்தில் குழம்பக்கூடியது அந்துருண்டை. சிலர் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கிறார்கள், அது கூடாது. பிறந்த குழந்தையைத் தாத்தாவின் பழைய வேட்டியிலும் பாட்டியின் நைந்த நூல்சேலையிலும் கிடத்துவது தமிழர் வழக்கம். மிருதுவாக இருக்கும், பெரியவர்களின் ஆசியும் சேரும் என்பார்கள். அழகான வழக்கம். ஆனால் அந்த வேட்டி அந்துருண்டை போட்ட பெட்டியில் இருந்து வந்ததாயின் கவனம் தேவை. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு. வெளிப்பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அந்துருண்டையின் நாப்தலீன் ஆவி பட்டால் அவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை உண்டாகலாம். ஆகவே குழந்தைக்கென்று எடுத்து வைக்கும் துணியின் அருகே அந்துருண்டையே வேண்டாம். ஏற்கெனவே வாடை ஏறிய துணியை நன்றாகத் துவைத்து, வாடை அறவே போகும்வரை வெயிலில் காயவிட்ட பிறகே குழந்தையிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்தது குங்குமச் சிமிழ். மஞ்சளில் இருந்து சிவப்பு பிறப்பது ஒரு சிறு வியப்பு. மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். சுண்ணாம்பு, வெங்காரம் போன்ற காரப் பொருள் பட்டதும் அது சிவந்துவிடுகிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் சேர்ந்து செந்நிறம் ஆவதும், வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவந்து பயமுறுத்துவதும் இதே காரணத்தால்தான். அந்தக் கறைக்கு மருந்து கடையில் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது. குர்குமின் வெயிலைத் தாங்காது. துவைத்த துணியை நல்ல வெயிலில் ஓரிரு நாள் காயவிட்டால் கறை தானே மங்கும்.

மஞ்சள் வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறத்தை நம்பக் கூடாது. வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்கைப் பளிச்சென்று காட்ட ஈய குரோமேட் என்னும் நச்சுச் சாயத்தைப் பூசி விற்றனர். 2019-இல் சோதித்த மாதிரிகளில் 47 விழுக்காட்டில் அது இருந்தது. அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்ததும் 2021-க்குள் அறவே மறைந்தது. பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கினால் பாதுகாப்பு என்ற எண்ணமும் இதனால் தகர்கிறது. பூச்சு பூசப்பட்டது கிழங்கின் மீதுதான்.

ஒட்டுப் பொட்டின் கதை வேறு. அதன் பசையில் உள்ள ஒருவகை வேதிப்பொருள் சிலருடைய தோலின் நிறத்தை உண்டாக்கும் அணுக்களைக் கெடுக்கும். பொட்டு ஒட்டும் இடத்தில், அதே வட்ட அளவில், வெண்மை தோன்றும். தோல் மருத்துவர்களுக்கு இது நன்கு பழகிய ஒன்று. ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? வெண்குஷ்டம் வந்துவிட்டது என்று அஞ்சி, இன்னும் பெரிய பொட்டாக ஒட்டி அதை மறைக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம் என்றால் பேச்சே எழாது. வெண்குஷ்டமே ஒட்டிக்கொள்ளும் நோய் அன்று. அதைக் கொண்டு ஒருவரை விலக்கி வைப்பது அறியாமை. பொட்டினால் வந்த வெண்மையோ, பொட்டை நிறுத்தித் தொடக்கத்திலேயே மருத்துவம் பார்த்தால் பலருக்கு நிறம் திரும்பவும் கூடும். மறைத்துக்கொண்டே போகும் ஒவ்வொரு மாதமும் அந்த வாய்ப்பு குறைகிறது.

பாத்திரங்களுக்கு வரலாம். ரசத்துக்குப் பெயர்போன ஈயச்சொம்பில் இருக்க வேண்டியது காரீயம் அன்று, வெள்ளீயம். இரண்டுக்கும் தமிழில் ஈயம் என்றே பெயர் வழங்குவதால் அச்சமும் குழப்பமும் சேர்ந்தே வருகின்றன. வெள்ளீயம் உணவுக்குத் தீங்கில்லை. காரீயம் மூளையையும் நரம்பையும் தாக்கும் நஞ்சு. இரண்டையும் கலந்து விற்பவர்கள் இருப்பதால், நம்பிக்கையான பாத்திரக் கடையில் மட்டுமே வாங்க வேண்டும். சொம்பின் விளிம்பை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்க்கும்போது பென்சில் கோடுபோலக் கருமை படிந்தால் அதில் சமைக்க வேண்டாம். கோடு விழவில்லை என்பதனாலேயே முற்றிலும் தூயது என்று கொள்ளவும் இயலாது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். அடுப்புச் சுடர் அதைவிட மிகச் சூடானது. உள்ளே ரசம் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகையைச் சுற்றியே நிற்பதால் சொம்பு பிழைக்கிறது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்து கண்டது அடுப்பின்மேல் வழிந்த உலோகத்தைத்தான். தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் மெல்ல முறுமுறுக்கும் என்பது இன்னொரு விந்தை. உலோகவியலார் அதை வெள்ளீயத்தின் அழுகை என்றே சொல்வர்.

செம்புப் பஞ்சபாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்த நீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் மடிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே செம்பில் தயிர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் ஆகியவற்றை வைத்தால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். குமட்டலும் வயிற்றுவலியும் வரும். பித்தளைப் பாத்திரத்துக்கு நம் முன்னோர் ஈயம் பூசியதன் காரணமும் இதுவே. புளி தேய்த்தால் விளக்கு பளபளப்பதும் புளிச்சோறு பித்தளையில் கெடுவதும் ஒரே புளிப்பின் இரு வேலைகள்.

விளக்கேற்றும்போது உடுத்தும் துணியைப் பற்றி ஒரு சொல். பட்டில் தீப்பற்றினால் மெதுவாக எரியும். சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும். நைலான், பாலியெஸ்டர் சேலைகளோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பட்டுடுத்திப் பூஜை செய்யும் ஆசாரத்தை வகுத்தவர்கள் இதை எண்ணினார்களோ இல்லையோ, பயன் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சூடு பட்டால் ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதல் உதவி. மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம்.

அலமாரியில் கடைசியாக இருப்பது சுவாமிக்கு உரியதன்று. வீட்டுப் பெரியவருடைய மாத்திரை டப்பா. ஏகாதசி வந்தால் அது தொடப்படாமலே கிடக்கும், அல்லது அதைவிட ஆபத்தாக, உணவு மட்டும் நிறுத்தப்பட்டு மாத்திரை தொடரும். சர்க்கரை நோய்க்கான இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்பவருக்கு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் வந்தால் அது விரதக் களைப்பு அன்று. நினைவு இருக்குமாயின் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

விரதம் கெட்டுவிடுமே என்ற கவலைக்குச் சாத்திரத்திலேயே விடை உண்டு. மகாபாரதத்து உத்தியோக பருவம் விரதத்தைக் கெடுக்காத எட்டுப் பொருள்களைக் கூறுகிறது. நீர், கிழங்கு, பழம், பால் ஆகியவற்றோடு மருந்தும் அவற்றுள் ஒன்று. ஏகாதசி உபவாசத்தைத் தரும சாத்திரங்கள் எட்டு வயதுக்கு மேல், எண்பது வயதுக்குள் என்று வகுத்திருப்பதையும் பல பெரியவர்கள் அறிவார்கள்; தமக்கு வரும்போதுதான் மறந்துவிடுகிறார்கள். பால், பழத்தோடு விரதம் இருப்பதாயினும், எந்த மாத்திரையை எந்த அளவில் எடுப்பது என்பதை ஒரு வாரம் முன்னரே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் அவ்வாறே ஆபத்து.

மாத்திரை டப்பாவின் இடம் பூஜை அலமாரி அன்று. கண்புரை உள்ளவருக்கு, விடியற்காலை மங்கிய விளக்கொளியில், சூட வில்லையும் மாத்திரையும் ஒன்றுபோலவே தெரியும். கூடத்தில் குடிநீர்ப் பானைக்கு அருகில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் அதை வைக்கலாம். சூட டப்பாவும் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு இன்றே ஏறிவிடட்டும்.