பள்ளியை விட்ட பிள்ளையும் நமது கடையும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நோட்டு, பேனா, பை என்று நம் கடைவீதியில் நல்ல வியாபாரம் நடக்கும். அதே மாதத்தில்தான் யாராவது ஒரு தாய் மகனை அழைத்து வந்து, "படிப்பு ஏறவில்லை, உங்கள் கடையில் ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள் முதலாளி" என்று கேட்பதும் வழக்கம். உதவி செய்வதாக எண்ணி நாமும் நிறுத்திக்கொள்வோம்.

பல ஆண்டுகளுக்கு முன் என் கடையிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். ஏழாம் வகுப்போடு நின்றவன். இரண்டு வருடம் கழித்து, திரும்பப் பள்ளிக்குப் போகலாமா என்று கேட்டான். "டி.சி. வாங்கவில்லை, வயதும் கடந்துவிட்டது, இனி யார் சேர்ப்பார்கள்?" என்றேன். அன்றைய நிலையில் அது முழுப் பொய்யல்ல. இன்று அப்படிச் சொன்னால் அது தவறு.

1.4.2010 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளை இடையில் நின்றிருந்தால் அவன் வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் வெட்கத்திலேயே ஓடிவிடுவான் அல்லவா? விட்டுப்போன பாடத்துக்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறப்புப் பயிற்சி உண்டு. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. பதினான்கு வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணமில்லை. முன்பு குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் தனியாக நடந்த சிறப்புப் பள்ளிகளும் 2021-இல் கல்வித் துறையின் திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டன.

அதற்கு மேல் வயதானவர்கள் எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். பொதுத்தேர்வில் தவறியவர்களுக்கு அதே கோடையில் துணைத்தேர்வு உண்டு. 2018-இல் தொடங்கிய பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டது. நடுவில் இருந்த ஒரு தடை போயிற்று.

இவ்வளவு வழி திறந்தும் பிள்ளைகள் ஏன் திரும்புவதில்லை? ஆரணியில் பட்டு வியாபாரம் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலை நெய்ய, நாடாவை மறுபக்கம் வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். அது சின்னக் கையாகவே இருந்துவந்தது. நெசவும் சாயமும் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருந்தும், குடும்பத்தோடு செய்தால் தடையில்லை என்ற விலக்கில் தறிவீடுகள் தப்பின. பிள்ளையின் பெயரில் முன்பணம் வாங்கினால், அது தீரும் வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனை வசூலிக்கவே முடியாது என்பதை நம்மில் எத்தனை பேர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து யோசித்திருப்போம்?

2016-இல் சட்டம் இறுகியது. பதினான்கு வயதுக்குக் கீழ் எந்தக் கடையிலும், எந்தத் தொழிலிலும் ஆளாக வைக்கக்கூடாது. குடும்பத்துக்கு உதவுவதும், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் போக மட்டுமே. மீறினால் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிவகாசி வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது நினைவிருக்கும்.

பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களை ஆபத்தில்லாத வேலைக்கு வைக்கலாம். ஆனால் இடைவேளையும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம்தான். இரவு ஏழு முதல் காலை எட்டு வரை கூடாது. வாரம் ஒருநாள் விடுமுறை, பிறந்த தேதியோடு பதிவேடு எல்லாம் வேண்டும். கல்லா மூடும் வரை பையன் நிற்பதே நம் வழக்கம், தீபாவளிச் சமயத்தில் கேட்கவே வேண்டாம். தனித்தேர்வுக்குப் படிக்க அவனுக்கு மாலை நேரம் கிடைக்காமல் போவது இங்கேதான்.

இன்னொன்று. முப்பது நாள் தொடர்ந்து தகவலின்றி வராத பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் உரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அந்தப் பிள்ளையைத் தேடி வருபவர் நம் கடைப்படி ஏறும் முன், நாமே அவனை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ அழைத்துப் போகலாம். கல்வியாண்டின் நடுவில் ஆனாலும் சேர்ப்பார்கள். பெற்றோர் தயங்கினால் 1098 என்ற எண்ணில் கேட்கலாம், கட்டணமில்லை.