உங்களுக்குத் தெரியுமா? லாரி குறைந்தது, வட்டி குறையவில்லை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சிகாகோ பக்கமிருந்து ஒஹாயோ எல்லை வரை ஓடும் சுங்கச் சாலையின் நீளம் சுமார் 250 கி.மீ. 2006-இல் மாநில அரசு அதை 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஸ்பெயினின் சிந்த்ரா, ஆஸ்திரேலியாவின் மக்குவாரி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 380 கோடி டாலரை ஒரே தவணையில் கொடுத்தன. அதில் பெரும்பகுதி கடன்.

2008-இல் பொருளாதாரம் சரிய, போக்குவரத்து எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. வராத லாரி சுங்கம் கட்டாது. வங்கியோ அதற்காக வட்டியை விட்டுக்கொடுக்காது.

உண்மையான வினை இன்னோர் ஒப்பந்தத்தில் இருந்தது. வட்டி ஏறினால் அடிபடக்கூடாதே என்று விகிதத்தை முன்கூட்டியே பூட்டி வைத்திருந்தார்கள். அதிலும், தொடக்க ஆண்டுகளில் குறைவாகக் கட்டிவிட்டு மிச்சத்தைப் பின்னால் தள்ளும் ஏற்பாடு. சந்தையில் வட்டி சரிந்தபோது அந்தப் பூட்டே விலங்காயிற்று. வட்டி கட்டிக்கொண்டே இருந்தும் கடன் வளர்ந்தது: சுமார் 600 கோடி டாலர்! போட்ட முதலைவிட இது அதிகம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2014 செப்டம்பரில் குத்தகை நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அப்போதும் சாலை மூடப்படவில்லை. வண்டிகள் ஓடின, சுங்கமும் வசூலானது. மாநில அரசு, வாங்கிய பணத்தைத் திருப்பித்தர வேண்டியிருக்கவில்லை. மறு ஆண்டு ஐஎஃப்எம் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம், மீதமிருந்த 66 ஆண்டுக் குத்தகையை 572.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது.