கிராமாலயாவும் திருச்சி மகளிர் சுகாதாரக் குழுக்களும்

கிராமாலயா என்பது திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு 1987 முதல் இயங்கிவரும் தொண்டு நிறுவனம் ஆகும். இதனை நிறுவியவர் எஸ். தாமோதரன். சமூகப் பணிக்காக 2022-ஆம் ஆண்டு இவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. குடிநீர், கழிப்பறை, தன்சுத்தம் ஆகிய மூன்றும் நிறுவனத்தின் பணிக்களம். பெயரில் கிராமம் இருந்தாலும், இதன் முக்கியமான பணிகளுள் ஒன்று நகரின் குடிசைப்பகுதிகளில் நடந்தது. அப்பணியை நாள்தோறும் நடத்தியவர்கள் அப்பகுதிப் பெண்களே.

பின்னணி

திருச்சி காந்தி மார்க்கெட் மாவட்டத்தின் பெரிய காய்கறிச் சந்தை. இரவில் லாரிகளில் சரக்கு வந்து இறங்கும். விடியுமுன் வியாபாரம் தொடங்கிவிடும். மூட்டை தூக்குவோர், தள்ளுவண்டிக்காரர், கூடையில் காய் விற்கும் பெண்கள், வீட்டுவேலை செய்வோர் எனப் பலர் தாராநல்லூர், தேவதானம், வரகனேரி, பாலக்கரை போன்ற சுற்றுப்பகுதிகளில் வாழ்கின்றனர். நெருக்கமான குடியிருப்புகளில் பல வீடுகள் ஓர் அறை மட்டுமே கொண்டவை. தனிக் கழிப்பறை கட்ட அங்கே இடமில்லை.

இதன் சுமை பெண்கள் மீதே அதிகம் விழுந்தது. திறந்தவெளியை நாட வேண்டியிருந்த பெண்கள் விடியுமுன் அல்லது இருட்டிய பின்னரே வெளியே செல்ல முடியும். பகலில் அடக்கிக்கொள்வதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது வழக்கமாகிறது. அதனால் சிறுநீர்த்தொற்று உண்டாகிறது. இருட்டில் தனியே செல்லும்போது சீண்டலுக்கும் அச்சத்துக்கும் ஆளாக நேர்கிறது. மாதவிடாய் நாள்களில் துயரம் இரட்டிப்பாகிறது. குழந்தைகள் தெருவோரச் சாக்கடையில் உட்கார, கிருமிகள் கைவழியும் ஈவழியும் உணவில் சேர்ந்து வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன.

பொதுக் கழிப்பறைகள் ஏன் பயன்படவில்லை?

நகராட்சிக் காலத்திலிருந்தே பொதுக் கழிப்பறைகள் கட்டப்பட்டு வந்தன. ஆயினும் கட்டடம் இருந்தும் பயனில்லாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. தாழ்ப்பாள் உடைந்தால் மாற்ற ஆளில்லை. மோட்டார் பழுதானால் தண்ணீர் இல்லை. விளக்கு எரியாவிட்டால் பெண்கள் உள்ளே போவதில்லை. பயன்படுத்துவோர் ஒருவர், பராமரிக்க வேண்டியவர் வேறொருவர் என்றிருந்ததே அடிப்படைக் குறை. செங்கல்லும் சிமெண்டும் மட்டும் போதா, பொறுப்பேற்கும் ஆள்களும் வேண்டும் என்பதே இங்கு கிடைத்த பாடம்.

மகளிர் குழுக்களின் தோற்றம்

2000-ஆம் ஆண்டையொட்டி, 1981-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட வாட்டர்எய்டு அமைப்பின் உதவியுடனும் மாநகராட்சியின் இசைவுடனும், கிராமாலயாவும் திருச்சியின் பிற தொண்டு நிறுவனங்களும் சமுதாயக் கழிப்பறைகளைச் சீரமைக்கும் பணியில் இறங்கின. கட்டடம் சீரானதும் சாவியை ஒப்பந்தக்காரரிடம் தராமல் அப்பகுதி மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தனர். இவ்வாறு உருவானவை சுகாதாரக் கல்விக் குழுக்கள். இவற்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஷி', அதாவது 'அவள்' என்று வரும். மக்களிடையே ஷி குழு என்ற பெயரே நிலைத்தது.

செயல்படும் முறை

குழுப் பெண்கள் முறைவைத்து வாயிலில் அமர்ந்து கட்டணம் வாங்குவர். தொடக்கத்தில் ஒரு முறைக்கு 50 காசு வாங்கப்பட்டது; பின்னர் கட்டணம் உயர்ந்தது. வசூல் அன்றாடம் பதிவேட்டில் எழுதப்படும். துப்புரவுப் பணியாளர் சம்பளம், மின்கட்டணம், பினாயில், பழுதுபார்ப்பு ஆகியவை அதிலிருந்தே செலவிடப்படும். மீதித் தொகை குழுவின் வங்கிக் கணக்கில் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடலாம். நாளொன்றுக்கு 400 பேர் 50 காசு வீதம் கொடுத்தால் வசூல் 200 ரூபாய். மாதத்துக்கு 6,000 ரூபாய். தனித்தனியே மிகச் சிறிய காசுதான். ஆனால் குழாய் உடைந்த அன்றே சரிசெய்ய அது கைவசம் இருக்கிறது. மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கெழுதுவதும் வங்கிக்குச் செல்வதும் அதிகாரிகளிடம் பேசுவதும் பல பெண்களுக்குப் புதிய அனுபவங்கள். கழிப்பறைக்காகக் கூடிய குழு தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை அடைப்பு ஆகியவற்றுக்காகவும் குரல் கொடுக்கத் தொடங்கியது.

கல்மந்தை

தாராநல்லூரை ஒட்டிய கல்மந்தை குடியிருப்பு இம்முயற்சியில் முதன்மையாகக் குறிப்பிடப்படுவது. 2002-ஆம் ஆண்டு இது திறந்தவெளிக் கழிப்பிடம் அற்ற குடிசைப்பகுதியாக அறிவிக்கப்பட்டது.

குழந்தைகளுக்கான கழிப்பறைகளும் இப்பணியின் ஒரு பகுதி. பெரியவர்களுக்கான பீங்கான் சிறு குழந்தைக்கு அகலமானது. இருட்டறையும் மூடிய கதவும் அச்சம் தருவன. காலை வரிசையில் குழந்தை பின்னுக்குத் தள்ளப்படும். ஆகவே சிறிய பீங்கான், திறந்த அமைப்பு, வண்ணச் சுவர் ஆகியவற்றுடன் தனிப்பகுதி அமைக்கப்பட்டது. கழிப்பறைப் பழக்கம் சிறுவயதிலேயே படிய இது துணைசெய்கிறது.

தொடர்புடைய பிற முயற்சிகள்

வீட்டில் இடமிருந்தும் பணமில்லாதவர்களுக்காக 2007-இல் கார்டியன் என்னும் நுண்கடன் நிறுவனத்தை கிராமாலயா உருவாக்கியது. குடிநீர் இணைப்புக்கும் கழிப்பறைக்கும் கடன் தருவது அதன் நோக்கம். மறுபயன்பாட்டுத் துணி அணையாடைகளைப் பரப்பும் பணியும் நடைபெறுகிறது.

திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் நிறுவனத்தின் மா. சுப்புராமன் இத்துறையின் மற்றொரு முன்னோடி. முசிறிப் பகுதியில் கழிவை உரமாக்கும் கழிப்பறைகளைப் பரப்பிய இவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மும்பையில், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், நடைபாதைவாசிப் பெண்களின் மகிளா மிலன் அமைப்புடன் இணைந்து இதே வழியில் உழைத்தார். அவருக்கு 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

மதிப்பீடு

நடுவண் அரசின் தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 2016 தூய்மைக் கணக்கெடுப்பில் திருச்சி நாட்டில் மூன்றாம் இடம் பெற்றது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே குடிசைப்பகுதிப் பெண்கள் இப்பணியைத் தொடங்கிவிட்டனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இம்முறைக்கு எதிரான கேள்விகளும் உண்டு. வசதியுள்ள வீட்டார் கழிப்பறைக்குத் தினமும் காசு கொடுப்பதில்லை. ஏழைகள் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாள்தோறும் ஆகும் கட்டணம் சிறிதன்று. பகல் முழுதும் உழைக்கும் பெண்களே குறைந்த ஊதியத்தில் பராமரிப்பையும் சுமக்க வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி. சமுதாயக் கழிப்பறை இடைக்காலத் தீர்வே. கழிப்பறையுடன் கூடிய வீடே நிலையான தீர்வு. அதுவரை, தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும் உள்ள ஓர் அறை பக்கத்திலேயே இருப்பதை உறுதிசெய்வது இக்குழுக்களின் பணி.