விரிசல் வளர்கிறதா? பென்சிலை எடுங்கள்!

மாணவர்களே, கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் வரை போயிருக்கிறீர்களா? சரிவெங்கும் படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள். மலைச்சரிவுகளில் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டு வீடு வாங்குபவர்களை அழையாத விருந்தாளி ஒருவர் தேடி வருவார். அவர்தான் தண்ணீர்.

புது வீட்டில் சுவர் விரிசல் விடுகிறது. கூரையில் ஈரக்கறை படர்கிறது. கட்டிக்கொடுத்த மேம்பாட்டு நிறுவனத்திடம் சொன்னால், "பார்க்கிறோம்" என்பதோடு சரி. நிறுவனம் தாமதிக்கலாம், தண்ணீர் தாமதிக்காது. ஏன் என்று பார்ப்போமா?

கொஞ்சம் ஈரமான மணலில் கோட்டை கட்டினால் நிற்கும். துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். மேலும் தண்ணீர் ஊற்றுங்கள், கோட்டை சரிந்துவிடும். இடைவெளி முழுவதும் நிரம்பிய நீர் துகள்களை விலக்கித் தள்ளுவதால் உராய்வு குறைகிறது. மலைமண்ணிலும் இதுவே நடக்கிறது. எடையும் கூடுகிறது. 1 கன மீட்டர் நீரின் எடை 1 டன்! தடுப்புச்சுவர்களில் சிறு துளைகள் விடுவது இந்த நீர் வடிவதற்காகத்தான். துளை அடைத்துக்கொண்டால் நீரின் அழுத்தம் முழுவதும் சுவர்மீது விழும்.

கட்டடத்துக்குள் நுழையும் நீர் வேறு வேலை செய்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும்.

மலைச்சரிவில் தண்ணீரை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதை நம் நாடு 1993 டிசம்பர் 11 அன்று கண்டது. சிலாங்கூர், உலு கிளாங்கில் இருந்த ஹைலண்ட் டவர்ஸ், மூன்று 12 மாடிக் கட்டடங்களைக் கொண்டது. பின்னால் இருந்த மலையின் ஓடையைக் குழாய் வழியே திருப்பிவிட்டிருந்தார்கள். வடிகால்கள் போதவில்லை. தொடர்மழையில் மண் சரிந்தது, தடுப்புச்சுவர்கள் உடைந்தன, ஒரு கட்டடம் அப்படியே சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். அதன் அடித்தளத்தில் பழைய ரயில் தண்டவாளங்களை இறக்கியிருந்தார்கள். மேலிருந்து அழுத்தும் எடைக்காக அமைக்கப்பட்ட அவை, பக்கவாட்டில் தள்ளிய மண்ணைத் தாங்கவில்லை.

மற்ற இரு கட்டடங்களில் இருந்தவர்களும் வீடிழந்தனர். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2000-இல் உயர் நீதிமன்றம், மேம்பாட்டு நிறுவனம் உட்படப் பலரைப் பொறுப்பாளிகள் என்றது. ஆனால் உள்ளூர் நகராண்மைக் கழகம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்து 12 ஆண்டுகள் கடந்திருந்தன.

அவ்வளவு காலம் காத்திருக்காமல், தொடக்கத்திலேயே குறையைச் சரிசெய்ய வைக்க வழி உண்டு. மலேசியாவில் அடுக்குமாடி வீடு வாங்கும்போது கையெழுத்திடும் அரசு ஒப்பந்தப்படி, சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளை நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்துமூலம் அறிவித்த 30 நாள்களில் அதைச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்.

அங்கே வாய்ச்சொல் போதாது, சான்று வேண்டும். அதைத் திரட்ட நீங்களும் உதவலாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தை அளந்து குறித்து, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். வாரந்தோறும் அதே இடத்தில் அளந்து வரைபடம் போடுங்கள். மழை பெய்த நாள்களையும் குறியுங்கள். கோடு மேலே ஏறினால் விரிசல் வளர்கிறது! அந்த ஏட்டைப் பெற்றோரிடமும் கட்டட நிர்வாகத்திடமும் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை: தூணிலோ தரையிலோ விரிசல் வேகமாக அகன்றால், நன்றாக இருந்த கதவுகள் திடீரெனச் சிக்கிக்கொண்டால், அளந்துகொண்டு நிற்காதீர்கள். உடனே வெளியேறிப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். உயிர் தப்பிய பிறகு கணக்குப் பார்க்கலாம்.