மடகாஸ்கரின் நில அமைப்பு, காடுகள், வனவிலங்குகள்

மடகாஸ்கர் இந்தியப் பெருங்கடலில் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் அமைந்துள்ள தீவு நாடு. இதன் பரப்பளவு சுமார் 5,87,000 சதுர கிலோமீட்டர். இது உலகின் நான்காவது பெரிய தீவு. மொசாம்பிக் கால்வாய் இதனை ஆப்பிரிக்காவிலிருந்து பிரிக்கிறது. தலைநகர் அண்டனானரிவோ.

தோற்றம்

மடகாஸ்கர் ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் நடுவில் இருந்தது. சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுடன் ஒட்டியபடியே ஆப்பிரிக்காவிலிருந்து விலகியது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் பிரிந்து வடக்கே நகர, மடகாஸ்கர் தனித் தீவாயிற்று. இந்த நீண்ட தனிமையே இங்குள்ள உயிரினங்களின் தனித்தன்மைக்கு முதன்மைக் காரணம். தாவர இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

நில அமைப்பு

தீவின் நிலப்பரப்பை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. கிழக்குக் கடற்கரை: குறுகிய சமவெளி. இதன் மேற்கே செங்குத்தான மலைச்சரிவு சுவர்போல் எழுகிறது. இங்கு ஓடும் ஆறுகள் நீளம் குறைந்தவை, வேகம் மிக்கவை.

2. நடு மேட்டுநிலம்: செம்மண் குன்றுகளும் நெல் விளையும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த பகுதி. தலைநகர் இங்குதான் உள்ளது. நாட்டின் உயரமான சிகரம் மரோமோகோட்ரோ (2,876 மீட்டர்) வடக்கே உள்ள மலைத்தொகுதியில் அமைந்துள்ளது.

3. மேற்குச் சமவெளி: மேட்டுநிலம் மெல்லச் சரிந்து கடலை அடையும் அகன்ற பகுதி. பெட்சிபோகா, மங்கோகி போன்ற நீண்ட ஆறுகள் இவ்வழியே பாய்கின்றன. இங்குள்ள சிங்கி என்னும் சுண்ணாம்புக்கல் பாறைகள், மழைநீர் கரைத்ததால் ஊசிமுனைகளாக நிற்கின்றன. பெமராகா சிங்கி பகுதி 1990இல் யுனெஸ்கோ உலக மரபுக் களமாக அறிவிக்கப்பட்டது.

காடுகள்

தென்கிழக்கு வணிகக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து கிழக்குச் சரிவில் மோதி மழை பொழிகிறது. கிழக்குக் கரையின் பல இடங்களில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுவதால் அங்கு மழைக்காடுகள் உள்ளன. மேற்குப் பகுதி மழை மறைவில் இருப்பதால் வறண்ட பருவத்தில் இலை உதிர்க்கும் வறண்ட காடுகள் காணப்படுகின்றன. உலகில் உள்ள எட்டு பெருக்க மர (பாவோபாப்) இனங்களில் ஆறு இத்தீவுக்கே உரியவை. அடிமரத்தில் நீரைச் சேமித்து இவை வறட்சியைத் தாங்குகின்றன. மழை மிகக் குறைந்த தெற்கில் முட்காடுகள் உள்ளன.

தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் அழைக்கப்படும் நித்தியகல்யாணியின் தாயகமும் மடகாஸ்கரே. இச்செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது.

வனவிலங்குகள்

இங்கு இயற்கையாக வாழும் குரங்குகளோ சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகளோ இல்லை. குரங்குகளின் தொலைதூர உறவினமான லெமூர்கள் 100க்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகியுள்ளன. இவற்றுள் பெரியது இந்திரி. அதன் குரல் காட்டில் நெடுந்தொலைவு கேட்கும். சுமார் 30 கிராம் எடையுள்ள பெர்த்தே சுண்டெலி லெமூர், உலகின் மிகச் சிறிய முதனி. அய்-அய் என்னும் லெமூர் மரத்தைத் தட்டிப் பார்த்து, மெலிந்த நடுவிரலால் உள்ளிருக்கும் புழுவை எடுத்துண்ணும். ஃபோசா என்பது இங்குள்ள பெரிய ஊனுண்ணி. உலகின் பச்சோந்தி இனங்களில் ஏறத்தாழ பாதி இத்தீவில் உள்ளன. பறக்க இயலாத யானைப் பறவையும் கொரில்லா அளவுள்ள பெரிய லெமூர்களும் மனிதர் குடியேறிய பின் அழிந்துபோயின.

அச்சுறுத்தல்கள்

காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் நெல் விதைக்கும் 'தாவி' என்னும் முறை கிழக்கில் வழக்கத்தில் உள்ளது. சில ஆண்டுகளில் மண்ணின் வளம் குன்ற, உழவர் வேறொரு காட்டுப் பகுதிக்கு நகர்கின்றனர். சமையலுக்கான மரக்கரி, ரோஸ்வுட் மரங்களின் சட்டவிரோத ஏற்றுமதி ஆகியவையும் காட்டைக் குறைக்கின்றன. 1953 முதல் 2014 வரை இயற்கைக் காட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு அழிந்ததாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மரமற்ற சரிவுகளிலிருந்து அடித்துச் செல்லப்படும் செம்மண், பெட்சிபோகா ஆற்றின் முகத்துவாரத்தைச் சிவப்பாக்குகிறது. அதே மண் வயல்களிலும் படிந்து விளைச்சலைக் கெடுக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில், 107 லெமூர் இனங்களில் 103 அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கூறப்பட்டது.

பாதுகாப்பு

2003இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை மூன்று மடங்காக்க அரசு உறுதியளித்தது. கிழக்கு மழைக்காடுகளில் ஆறு தேசியப் பூங்காக்கள் 2007இல் உலக மரபுக் களமாயின. ஆனால் எல்லைக்கோடு மட்டும் காட்டைக் காப்பதில்லை. காட்டை ஒட்டி வாழும் ஏழை உழவருக்கு அதே நிலத்தில் மீண்டும் மீண்டும் விளைவிக்கும் வழி கிடைக்க வேண்டும். சமைக்க மாற்று எரிபொருளும் தேவை. இங்குள்ள உயிரினங்களில் பெரும்பாலானவை இத்தீவுக்கே உரியவை என்பதால், இங்கு ஓர் இனம் அழிந்தால் அது உலகிலிருந்தே அழிந்ததாகும்.