அப்பாவுக்குச் சளி, பிள்ளைக்கு மூச்சுத் திணறல்!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார் அப்பா. மழையில் நனைந்திருக்கிறார். இரண்டு தும்மல். "சாதாரணச் சளிதான்" என்கிறார். தொட்டிலில் கிடக்கும் மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்.

நாலைந்து நாள் கழிகிறது. அப்பா தேறி விட்டார். குழந்தைக்கோ நெஞ்சு இழுக்கிறது!

இப்படிச் செய்யும் கிருமிகளில் முக்கியமானது ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரு முறையாவது வந்து விடும். பலருக்கு வெறும் சளியோடு போய் விடும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும், குறைமாதக் குழந்தைக்கும்தான் ஆபத்து அதிகம். வயதான தாத்தா பாட்டிக்கும் இது பொல்லாதது.

குரங்கின் மேல் பழி

இந்தக் கிருமி அகப்பட்ட கதை வேடிக்கையானது. 1956-ல் அமெரிக்காவில், ஆராய்ச்சிக்காக வளர்த்த சிம்பன்சிக் குரங்குகளிடம் இதைக் கண்டார்கள். குரங்குச் சளிக் கிருமி என்றே பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே ராபர்ட் சானக் என்ற டாக்டர், பால்டிமோர் நகரத்துக் குழந்தைகளிடம் அதே கிருமியைக் கண்டார். பாவம், குரங்கு! அதற்குச் சளி கொடுத்ததே மனிதனாகத்தான் இருக்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்

குழந்தையின் மூச்சுக் குழல்கள் மிகச் சிறியவை. கிருமி புகுந்தால் உள்ளே வீங்கும், சளி அடைக்கும். பெரியவர்களுக்குத் தெரியாத வீக்கம், குழந்தைக்கு வழியையே அடைத்து விடும்.

தாய்மார்களே! குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி விடுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது இந்த வைரசைத் தொடாது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுப்பார்கள். உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து எழுந்து விடும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் தடுப்பூசிகள் வந்திருக்கின்றன. அமெரிக்கா 2023-ல் அவற்றுக்கு அனுமதி கொடுத்தது.

பெரியம்மா வந்தால்?

பூந்தமல்லியிலிருந்து பெரியம்மா குழந்தை பார்க்க வருகிறார். லொக் லொக் என்று இருமுகிறார். தூக்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சங்கடம்தான். ஆனாலும் சொல்லி விடுங்கள். "சளி நிற்கட்டும் பெரியம்மா, அடுத்த வாரம் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் கோபிக்க மாட்டார். அப்பாவிடம் அவ்வளவு மரியாதை வேண்டாம். வாசலிலேயே சோப்பை நீட்டுங்கள்!