நெய்யும் நேயமும்

எள்ளின் நெய் எண்ணெய். இது பாலரும் அறிந்த புணர்ச்சி. ஆயினும் எள்ளோடு உறவில்லாத தேங்காயின் நெய்யையும் எண்ணெய் என்கிறோம். வேம்பின் நெய்யையும் எண்ணெய் என்கிறோம். நிலத்தடியிலிருந்து எடுத்து வடித்ததை மண்ணெண்ணெய் என்கிறோம். சொல்லின் முற்பாதி பிறந்த வீட்டை மறந்துவிட்டது. பிற்பாதி மறக்கவில்லை. நெய்ப்பு உடையது எதுவோ அது நெய். வடமொழியிலே சினேகம் என்னும் சொல்லுக்கு நெய்ப்பு என்பதும் பொருள். அன்பு என்பதும் பொருள். இருவர் உராயாது வாழ இடைநிற்பது அன்பு. இரண்டு இரும்பு உராயாது இயங்க இடைநிற்பது நெய். இரண்டையும் ஒரு சொல்லால் வழங்கிய முன்னோர் மோட்டாரைக் கண்டவர் அல்லர். வண்டியின் அச்சுக்கு நெய்யிட்டவர்.

இந்தச் சிந்தனையைக் கிளப்பியது ஒரு கடிதம். முன்பு எம்மிடம் தமிழ் படித்து இப்பொழுது ஜெர்மனியில் வாழும் மாணாக்கர் ஒருவர் அதனை எழுதியிருந்தார். பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்துப் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். பி. எம். டபிள்யூ. நிறுவனத்தார் 2000 முதல் 2006 வரை செய்த எம்3 என்னும் விரைவுக் கார் அது. அதற்கு எந்த ஒயில் வார்ப்பது என்பதில் நண்பர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டார்களாம். மெல்லிய ஒயிலே வேகம் தரும் என்பது ஒரு கட்சி. தடித்த ஒயிலே காவல் என்பது ஒரு கட்சி. விலை கூடியது எதுவோ அதுவே நல்லது என்பது மூன்றாங் கட்சி. “பண்டிதர் ஐயா, கலனில் உள்ள எண்களுக்குப் பொருள் யாது?” என்று அவர் வினவியிருந்தார். இயந்திரம் எமது துறை அன்று. ஆனால் பொருள் கேட்பவனுக்கு வாளா இருந்துவிடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. துறைவல்லாரைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் அந்த எஞ்சின் செய்யும் தொழிலை நோக்குக. ஆறு உருளைகள் ஒரே வரிசையில் உள்ளன. கொள்ளளவு 3246 கன சென்ரிமீற்றர். வலு 343 குதிரைவலு. நிமிடத்துக்கு 8000 முறை சுழல வல்லது. அஃதாவது செக்கனுக்கு 133 சுழற்சி. விஞ்ஞான நூல்கள் முசலம் என்று கூறும் பிஸ்டன், ஒரு சுழற்சியில் 91 மில்லிமீற்றர் ஏறி, 91 மில்லிமீற்றர் இறங்கும். கணக்கிட்டால் அதன் சராசரி வேகம் செக்கனுக்கு 24 மீற்றர். மேலே ஒரு கணம் நின்று, கீழே ஒரு கணம் நின்று, மீண்டும் திரும்பும் பொருளின் வேகம் இது! அந்த விசையைத் தாங்குவன இணைப்புத் தண்டின் அடியிலுள்ள மெல்லிய தாங்கி ஓடுகள். ஓட்டுக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள வெளி ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன். அந்த வெளியில் ஒயிற்படலம் நிற்கும் வரை உலோகம் உலோகத்தைத் தீண்டாது. படலம் அறுந்தால் அதன்பின் எஞ்சினுக்கு ஆயுள் இல்லை. 2001 முதல் 2003 வரை வெளிவந்த இவ்வகைக் கார்கள் சிலவற்றில் இத்தாங்கிகள் பழுதுற்று எஞ்சின்கள் சிதைந்தன. நிறுவனத்தார் பின்னர் புதிய தாங்கிகளை இட்டுக்கொடுத்தனர். அவ்வாண்டுக் காரை வாங்குவோர் அந்தத் திருத்தம் நடந்தமைக்குப் பத்திரம் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

இனி எண்கள். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கத்தார் 1911 இல் தொடங்கிய பகுப்பு முறை அது. இந்தக் காருக்கு நிறுவனத்தார் விதித்தது “10 டபிள்யூ 60”. டபிள்யூ என்பது நிறையைக் குறிக்கும் என்று பலர் மயங்குவர். அன்று, குளிர்காலம் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. முன்னிற்கும் எண் குளிரில் ஒயில் ஒழுகும் இயல்பைச் சுட்டும். சிறிதாக ஆக, கடுங்குளிரிலும் இளகி ஓடும். பின்னிற்கும் எண் 100 பாகை செல்சியஸ் சூட்டில் அதன் பாகுநிலையைச் சுட்டும். பெரிதாக ஆக, சூட்டிலும் தடிப்புக் குன்றாது. 30 என்ற ஒயிலிலும் 60 என்ற ஒயில் அந்தச் சூட்டில் ஏறத்தாழ இருமடங்கு பாகுநிலை உடையது.

இவ்வெண்கள் பரீட்சைப் புள்ளிகள் அல்ல. 60 பெற்றது சித்தி, 30 பெற்றது தவறு என்று கொள்ளலாகாது. வெண்பாவுக்கு வெண்டளை உரியது. ஆசிரியப்பாவுக்கு ஆசிரியத்தளை உரியது. எத்தளை உயர்ந்தது என்று யாப்பறிந்தவர் வினவார். மெல்லிய ஒயிலுக்கென்று இடைவெளி நெருக்கிச் செய்த ஒரு குடும்பக் காரில் 60 ஐ வார்த்தால், குளிர்ந்த காலையில் அது உறுப்புகளைச் சென்றடையத் தாமதிக்கும், பெற்றோலும் வீணாகும். பெருவேகத்துக்கென்று செய்த இந்த எஞ்சினில் மிக மெல்லியதை வார்த்தால், கடுஞ்சூட்டில் படலம் அறுதல் கூடும். மூன்று கட்சியாரும் ஒயிலைப் பற்றியே வாதித்தனர், எஞ்சினை மறந்தனர். எஞ்சினைச் செய்தவர் எழுதிய கைந்நூலே இவ்வழக்கில் பிரமாணம். எண் ஒன்றாயினும் சரக்கு ஒன்றாகாது. ஆதலால் நிறுவனத்தாரின் அங்கீகாரக் குறிப்பு கலனின் பின்புறத்தில் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

ஆமணக்கின் கதை இதற்குத் தக்க சான்று. காஸ்ட்ரோல் என்னும் பெயர் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. 1909 இல் அப்பெயரோடு வந்த ஒயிலில் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தது. கடுஞ்சூட்டிலும் படலம் அறாத அதன் வன்மையினால் பந்தயக் கார்களும், முதலாம் உலகப் போரின் விமானங்கள் பலவும் அதனை நம்பியோடின. அத்துணைச் சிறந்த நெய்யை நாள்தோறும் ஓடும் கார்கள் ஏன் ஏற்கவில்லை? அது விரைவில் பிசினாகி உறுப்புகளில் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி எஞ்சினைப் பிரித்துத் துடைத்தல் வேண்டும். பந்தயத்துக்குக் குணமாயிருந்தது நாட்பயணத்துக்குக் குற்றமாயிற்று.

பொருத்தமான ஒயிலை வார்த்தபின்னும் பொறுமை வேண்டும். இந்தக் காரின் சுழற்சிமானியில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மானியின் மேற்பகுதியில் சிறு விளக்குகள் எரிந்து, “இதற்கு மேற் போகாதே” என்று தடுக்கும். ஒயில் சூடேற ஏற அவை ஒவ்வொன்றாய் அணைந்து வழிவிடும். குளிர்ந்த 60, தேன்போல் மந்தமாய் நகர்வது. அது இளகி எங்கும் பரவுமுன் விரட்டுபவர், காரின் ஆயுளைத் தம் கையாலேயே தேய்ப்பவர் ஆவார்.

பராமரிப்பு என்பது காலந்தவறாமை. ஓடுந்தோறும் ஒயிலிலே பெற்றோலும் நீரும் புகையின் கரியும் சேர்கின்றன, அமிலங்கள் உண்டாகின்றன. சூட்டிலும் தடிப்பைக் காப்பதற்காகச் சேர்த்த நீண்ட மூலக்கூறுகள் அறுபட்டுக் குறுகுகின்றன. அதனால் 60 ஆக வார்த்தது நாளடைவில் 60 ஆக இராது. விரைவாய் ஓட்டுவோர் பலர், விதித்த தூரத்துக்கு முன்னரே மாற்றிவிடுவதற்குக் காரணம் இது. வடிகட்டியோடு சேர்த்து மாற்ற 5.5 இலீற்றர் வேண்டும். இடையிடையே கோலை இழுத்து அளவு பார்த்தல் அவசியம். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தால் சுழலுந் தண்டு ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை பாரந் தாங்காது. வடித்தெடுத்த பழைய ஒயிலை உடனே கொட்டிவிடாது, சிறிதளவை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அதில் ஈயமும் செம்பும் மிகுந்துள்ளனவா என்று சொல்லுவர். மிகுமாயின் தாங்கி தேய்கின்றது என்பது குறிப்பு. பழைய வடிகட்டியை அறுத்து விரித்து, மடிப்புகளில் மின்னும் துகள் உண்டா என்று கண்ணாலே பார்ப்பதும் ஒரு வழி. இன்னொன்று: இக்காலத்துப் பல எஞ்சின்களில் வால்வுகளின் இடைவெளியை ஒயிலின் அழுத்தமே சரிசெய்யும். இந்த எஞ்சினில் அவ்வாறில்லை. 24 வால்வுகளையும் குறித்த தவணைதோறும் அளந்து, வேண்டிய பருமனுள்ள சிறு தகடுகளை இட்டுச் சரிசெய்தல் வேண்டும். ஒயில் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று கூறும் கராஜ்காரரிடம் இதையும் கேட்டறிதல் நல்லது.

பழைய கார் வாங்குபவர் இரும்பை மாத்திரம் வாங்குவதில்லை. முன்னிருந்தோர் செய்த வினையையும் வாங்குகின்றார். குளிர்ந்த எஞ்சினை விரட்டியவர் யார், ஒயிலை மறந்தவர் யார் என்பன வெளித்தோற்றத்திலே தெரிவதில்லை. மினுக்கிய வர்ணம் அவற்றை மறைத்துவிடும். பராமரிப்புக் குறிப்பேடு ஒன்றே அவற்றை ஓரளவு சொல்லும். குறிப்பேடில்லாத மலிவான காரிலும், குறிப்பேடுள்ள விலைகூடிய கார் ஈற்றிலே மலிவாக முடிவதுண்டு.

இன்று வாங்கியவரும் ஒருநாள் விற்பார். அன்று அவர் கையளிக்கும் ஏட்டில் ஒயில் மாற்றிய நாளும், தூரமும், வார்த்த ஒயிலின் பெயரும் ஒழுங்காய் இருக்குமாயின், அடுத்தவர் அச்சமின்றிச் சாவியைத் திருப்புவார். முகமறியாத ஒருவருக்கு முன்கூட்டியே செய்துவைக்கும் அந்த உதவியும் நேயமே.